சக்கரத்தை அணைங்க மாமா

மருமகள்: ஐயோ, மவுஸ்லேர்ந்து கையை எடுங்க மாமா! நீங்க தொடத் தொட இன்னும் ஆடுது.

மாமனார்: எடுத்துட்டேன், எடுத்துட்டேன்... பஸ் ஓட்டின கை பாரு. எதாவது சாஞ்சா சும்மா இருக்காது.

மருமகள்: இது பஸ் இல்ல. ஸ்பேஸ் ஸ்டேஷன்.

மாமனார்: தெரியும்மா, என் பையன் கட்டினதாச்சே. பூமியைச் சுத்துது, உள்ளே நாலு பேரு இருக்காங்க. கம்ப்யூட்டர் கேமுன்னு பேருதான், பாத்தா நிஜம் மாதிரியே இருக்கு... விழுந்துடுமா?

மருமகள்: விழாது. ஆடி ஆடி ஒரு மூட்டு விட்டுச்சுன்னா துண்டு துண்டா உடைஞ்சிடும்.

மாமனார்: பழைய சேவ் எதையாவது எடுத்துப் போடேன்.

மருமகள்: எல்லாத்து மேலயும் யாரோ புதுசா சேவ் பண்ணி வெச்சிருக்காங்க... ஒரு நிமிஷம். சேவ் பத்தியெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?

மாமனார்: அது... டீவியில சொன்னான்.

மருமகள்: எந்த டீவியில?

மாமனார்: இப்ப அதுவா முக்கியம்? ஸ்கிரீனைப் பாரும்மா!

மருமகள்: பாத்துட்டுத்தான் இருக்கேன். அவர் போய் வருஷம் திரும்பிடுச்சு மாமா. அவர் சட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தாச்சு, பைக்கை வித்தாச்சு. இது ஒண்ணுதான் அவர் விட்ட இடத்துல அப்படியே சுத்திக்கிட்டிருக்கு. இதுவும் போச்சுன்னா...

மாமனார்: போகாது. அழாதே.

மருமகள்: அழல. நீங்க ஏன் தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கறீங்க?

மாமனார்: கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குது. மறுபடியும் லூஸ் ஆயிடுச்சு போல.

மருமகள்: மறுபடியுமா? போன வாரம்தானே கண்ணாடிக் கடைக்காரரு இறுக்கிக் கொடுத்தாரு!

மாமனார்: பரவாயில்ல, நானே ஒரு நடை போய்...

மருமகள்: வேணாம் வேணாம், நான் கூட்டிட்டுப் போறேன். சாயங்காலமே போலாம்.

மாமனார்: ம்... சரி, சரி. முதல்ல இந்த ஆட்டத்தைப் பாரு.

மருமகள்: உள்ளே ஒரு பேலன்ஸ் சக்கரம் இருக்கும் மாமா. ஸ்டேஷன் இந்தப் பக்கம் சாஞ்சா அது அந்தப் பக்கம் இழுக்கும். அவர் வெச்சது ஒண்ணு. அப்புறம் நான் ஒண்ணு கொண்டுபோய் மாட்டினேன்.

மாமனார்: நீயா? எதுக்கு?

மருமகள்: நான் தினமும் பக்கத்துல உக்காந்து பாக்க முடியாதுல்ல... தானா நிக்கட்டும்னுதான்.

மாமனார்: ஏன் முடியாது? எங்கேயாவது போகப் போறியா?

மருமகள்: எங்கேயும் போகல. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி... இருங்க. இது என்ன? இங்க மூணாவதா ஒரு சக்கரம் இருக்கு!

மாமனார்: அப்படியா?

மருமகள்: இதை நான் வெக்கல. அவரும் வெக்கல.

மாமனார்: கேம் கம்பெனிக்காரனே வெச்சிருப்பான்.

மருமகள்: மாமா! என் முகத்தைப் பாருங்க.

மாமனார்: நீ ஆபீஸ் போனப்புறம் சும்மாத்தானே உக்காந்திருக்கேன்... ஒருநாள் லேசா ஆடுச்சு. ஒரு சக்கரம் போட்டா நிக்கும்னு நினைச்சேன்.

மருமகள்: அதுக்கு ராக்கெட் விட்டு, மேலே கொண்டுபோய் மாட்டணுமே! கம்ப்யூட்டரை ஆன் பண்ணத் தெரியாதுன்னு போன மாசம் என்கிட்ட சொன்னீங்க!

மாமனார்: நாலஞ்சு ராக்கெட் கடல்ல விழுந்துச்சு. அப்புறம் பிடிபட்டுடுச்சு.

மருமகள்: ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலையெல்லாம் பாத்திருக்கீங்க! அதான் ஆடுது. மூணு சக்கரமும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டுது. ஒண்ணு இழுக்க, இன்னொண்ணு பதிலுக்கு இழுக்க... மூணையும் அணைங்க.

மாமனார்: மூணையுமா? ஓடுற வண்டியில ஸ்டியரிங்கை விடச் சொல்றியே!

மருமகள்: பிடிக்கிறதாலதான் ஆடுது மாமா. அணைங்க.

மாமனார்: இந்தா... என்னோடது அணைஞ்சாச்சு.

மருமகள்: என்னோடதும் ஆச்சு. இது... அவரோடது.

மாமனார்: அதை நீயே அணை.

மருமகள்: ...அணைச்சுட்டேன்.

மாமனார்: இன்னும் ஆடுதே!

மருமகள்: கொஞ்சம் பொறுங்க. தானா அடங்கும்.

மாமனார்: மூட்டு எதுவும் விட்டுடலையே?

மருமகள்: இல்ல. குறையுது பாருங்க...

மாமனார்: ஆமா... அட, ஆமாம்மா! நின்னுடுச்சு!

மருமகள்: அப்பாடா! இனிமே ஒரே ஒரு சக்கரம் போதும். அவரோடதை மட்டும் திரும்பப் போட்டுடறேன்... சரி, இப்ப நிஜத்தைச் சொல்லுங்க. இதையெல்லாம் எதுக்குக் கத்துக்கிட்டீங்க?

மாமனார்: நீ இல்லாதப்ப யாராவது பாத்துக்கணும்ல.

மருமகள்: நான் எங்க போறேன்?

மாமனார்: அதை நீதான் சொல்லணும்.

மருமகள்: ...கண்ணாடிக் கடைக்காரரு கேட்டாரு மாமா. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியான்னு. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்றேன்னேன்.

மாமனார்: என்னன்னு சொல்லப் போறே?

மருமகள்: வேணாம்னுதான். உங்களை இந்த வீட்டுல தனியா விட்டுட்டு, இதையும் விட்டுட்டு...

மாமனார்: இதை நான் பாத்துக்குவேன். இப்ப பாத்தேல்ல? என்னையும் நான் பாத்துக்குவேன். உன்னை எனக்குக் காவலுக்கு வெச்சா என் பையனே என்னை மன்னிக்க மாட்டான். சரின்னு சொல்லும்மா.

மருமகள்: உங்களுக்குக் கோபமே வரலையா? நான் ஒரு வார்த்தை சொல்லலயே... உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமனார்: முதல் தடவை கண்ணாடி நிஜமாவே கழண்டுச்சு. அன்னிக்கு அந்தக் கடையில நீ வாய்விட்டுச் சிரிச்சே. என் பையன் போனப்புறம் அன்னிக்குத்தான் உன் சிரிப்பைக் கேட்டேன்.

மருமகள்: அப்போ அதுக்கப்புறம் கழண்டதெல்லாம்...?

மாமனார்: வீட்டுல ஸ்க்ரூடிரைவர் எதுக்கும்மா இருக்கு?