காய்ந்த உடுப்பு

மெசினில் காய்ந்த உடுப்புக்கு ஒரு புழுங்கல் மணம் இருக்கும். கனடாவில் இருக்கும் என் தம்பி கொழும்பில் சொல்லி ஒரு மெசின் எடுத்து அனுப்பியிருந்தான். அது குசினி மூலையில் நிற்கிறது; அதன்மேல் வெங்காயக் கூடை வைத்திருக்கிறேன். ஊர்காவற்றுறைக் கடற்கரையில் குடியிருந்துகொண்டு காற்றுக்குக் காசு கொடுக்க எனக்கென்ன விசரா?

அதோடு, உடுப்புக் காயப்போடும் என் கொடிக்கு வேறு வேலையும் இருந்தது. என் மனிசன் யாக்கோப்பு, கடலில் நின்றபோது வந்த ஒரு புயலில் போனவர். எச்சரிக்கை வந்தது கரையில் நின்ற எங்களுக்குத் தெரியும். கடலில் நின்ற அவருக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் நான் இந்த வழக்கத்தைத் தொடங்கினேன். எங்கள் வளவு மேட்டில் இருப்பதால் நண்டுவலை போடுகிறவர்களுக்குக் கொடி நன்றாகத் தெரியும். உடுப்பு ஆடினால் பயமில்லை. வெறுங்கயிறு தெரிந்தால் உடனே கரைக்கு வரவேண்டும். உப்புத் தண்ணீரில் பழுதாகிவிடும் என்று பலர் போனை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். ஆகவே கடலில் ஆள் நிற்கும் நாளெல்லாம் நான் தோய்த்தேன். அழுக்கில்லாத உடுப்பையும் தோய்த்தேன். அந்தக் கயிற்றைப் பார்த்து எத்தனையோ பேர் உயிரோடு வீடு வந்திருக்கிறார்கள். என்னைப் பற்றி எழுதும்போது அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

ஜெனிஸ்ரன் நல்ல பெடியன். குடி கிடையாது. தாயைப் பூப்போலப் பார்த்தான். “மாமி, உங்கட கொடியை நம்பித்தான் நான் வலை போடுறன்” என்று சிரிப்பான். அவனில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் கடற்தொழிலாளி, அவ்வளவுதான். என் மகள் ஜொய்சி அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள்.

தம்பி அவளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பார்த்திருந்தான். சீதனம்கூடக் கேட்கவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நான் சொன்னேன், கெஞ்சினேன், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்தேன்.

“அம்மா, எல்லாற்றை மனிசன்மாரும் அப்பாவைப் போல போறேல்லை” என்றாள்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. கரையில் நின்று கடலைப் பார்க்கும் சீவியம் எப்படியென்று அவளுக்கு என்ன தெரியும்?

கார்த்திகை மாதம் அது. விடியமுன் ஜெனிஸ்ரன் தனியே வள்ளத்தில் போய்விட்டான். விடிந்தபிறகுதான் எச்சரிக்கை வந்தது, மற்றவர்கள் போகவில்லை. மரண விசாரணையில் நீங்கள் கேட்டபோது, உடுப்பு எடுபடாமல் கிடந்துவிட்டது என்று சொன்னேன். அது சரியில்லை. எச்சரிக்கை வந்த உடனேயே ஜொய்சி ஓடிப்போய் எல்லாவற்றையும் எடுத்துக் கதிரையில் குவித்துவிட்டாள்.

“ஜெனிஸ்ரன்ரை அம்மாவிட்டைச் சொல்லிப்போட்டு ஓடியாறன்” என்று சைக்கிளை எடுத்தாள்.

நான் வாசலில் நின்று பார்த்தேன். வள்ளம் கரைப் பக்கம் திரும்பிவிட்டது. அப்படியே விட்டிருந்தால் மத்தியானச் சோற்றுக்கு வந்திருப்பான்.

கதிரையில் கிடந்த உடுப்பை அள்ளிக்கொண்டுபோய்த் திரும்பவும் கொடியில் போட்டேன். காற்று ஏறத் தொடங்கியிருந்தபடியால் ஒவ்வொன்றுக்கும் கிளிப் குத்தினேன். அவளுடைய மஞ்சள் சட்டையை நடுவில் போட்டேன். தூரத்தில் அதுதான் எடுப்பாகத் தெரியும். வள்ளம் நின்றது. அவன் எழுந்து நின்று கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, மிச்ச வலையை இழுக்கத் திரும்பிப் போனான். நானும் கை காட்டினேன்.

ஜொய்சி திரும்பி வரும்போது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் எடுத்தனான் எல்லோ அம்மா?”

“எடுக்கப் போனனி பிள்ளை. அதுக்குள்ளை சைக்கிளிலை ஏறி ஓடீட்டாய். நானும் பிறகுதான் கண்டனான்.”

முதலில் அவள் நம்பவில்லை. மூன்றாம் நாள் அவன் கரையொதுங்கியபோது நம்பிவிட்டாள். இப்போது தன்னால்தான் அவன் செத்தான் என்கிறாள். சாப்பாட்டைத் தொடுவதில்லை. கோயிலுக்கும் வருவதில்லை, ஜெனிஸ்ரனின் தாய் அங்கே இருப்பா, முகத்தைப் பார்க்க ஏலாது என்கிறாள். பெற்ற தாய் எனக்கு அதைப் பார்க்கக் கஷ்டம்தான். ஆனால் பிள்ளை இளசு, தேறிவிடும். தாலி ஏறின பிறகு இது நடந்திருந்தால் அவளும் என்னைப்போல ஒரு விதவையாக இருந்து அழுதிருப்பாள். அந்தக் கதி வராமல் என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன்.