மேகமலைக்குப் போன கார்

சின்னமனூரில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். மேகமலை எஸ்டேட்டில் இளையவளின் தங்கைக்குப் பிரசவ வலி. அவளை அழைத்துவர இளையவளின் கணவன் காரில் போயிருக்கிறான். இவர்கள் முன்னதாகத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஊர் தாண்டுவதற்குள் பேச்சிலேயே இவ்வளவும் தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலுக்காகப் பையைத் துழாவியவளின் கை அப்படியே நின்றது.

"மதினி, கார் போயிருச்சு. சாவி இங்கன கிடக்கு."

"சாவி இல்லாம எப்படிடி ஓடும்?"

"பட்டன் வண்டில்ல. சாவி பக்கத்துல இருந்தாலே ஸ்டார்ட் ஆயிரும். காலையில சாமிகிட்ட வச்சு எடுத்து என் பையில போட்டேன். நம்மள இறக்கிவிட்டுட்டு ஆஃப் பண்ணாமயே போயிட்டாக. இனி ஒரு தடவ ஆஃப் பண்ணுனா, சாவி இல்லாம ஸ்டார்ட் ஆகாது."

"சாவியக் காணோம்னு சத்தம் போடுமே?"

"அது எப்பவும் எதுக்காச்சும் சத்தம் போடும். அவுக கண்டுக்கிற மாட்டாக."

போன் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

"டவர் இல்ல. எஸ்டேட் லைன் வீட்டு வாசல்ல போய் ஆஃப் பண்ணுனா, வலியோட இருக்கிற பிள்ளைய எதுல இறக்குவாக?"

"பதறாத. அடிவாரத்துக் கோயில்ல காரை நிறுத்திச் சூடம் ஏத்தாம எந்தம்பி மலை ஏறுனதே இல்ல. கார் அங்கனயே நின்னுரும். இறங்கு, ஆட்டோ பிடிச்சுப் போய்க் குடுத்துருவோம்."

இளையவள் எழுந்திருக்கவில்லை. சாவியில் ஒட்டியிருந்த குங்குமத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னைக்கு எங்கயும் நிறுத்தாம போங்கன்னு நான்தான் மதினி சொல்லிவிட்டேன்."