வலது பக்கக் குரல்

ஒரு குறுந்தகட்டை நகலெடுக்க ஐந்து நிமிடம் போதும். நான் நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வேன். வேகத்தைக் குறைத்தால் பிழை குறையும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

தணிக்கைக்கு வந்த நீங்கள் கேட்டது கடிதத்தைப் பற்றி மட்டும்தான் ஐயா. ஆனால் கடிதத்தை மட்டும் சொன்னால் உங்களுக்குப் புரியாது.

அக்கா என்று நான் சொல்வது பாட்டு டீச்சரை. நான் இயற்பியல் படித்தவள். இந்தப் பள்ளியில் கணினி அறையும் ஒலிப்பதிவு அலமாரியும் என் பொறுப்பு. அறைக்கு ஜன்னல் கிடையாது. முன்பு அமிலப் புட்டிகள் வைத்திருந்த இடம். நாள் முழுக்க நான் வாயைத் திறக்காவிட்டாலும் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் மட்டும், வகுப்புக்கு வேண்டிய நகல்களுக்காக அக்கா வருவார்.

“எலிக்குட்டி, உன் கம்ப்யூட்டருக்கு என்னடி வயசு? முட்டிவலிக்காரி நானே அதைவிட வேகமா நடப்பேன் போலிருக்கு.”

“வேகமா எடுத்தா பாட்டு கெட்டுடும்க்கா.”

“நல்லதாப் போச்சு. அதுவரைக்கும் உட்கார ஒரு நாற்காலியாவது கிடைக்குது.”

அந்த நாற்பது நிமிடம்தான் என் வாரம்.

பாட்டு வகுப்புக்கான பின்னணி இசையைப் பள்ளி ஒரு பதிப்பகத்திடம் வாங்குகிறது. ஒப்பந்தம் நான்கு பக்கம். மூலப்பதிவு அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும். வகுப்புக்கான நகல்களைத் தவிர, காப்பு நகல் ஒன்றுதான் எடுக்கலாம். அந்த இசையோடு பிள்ளைகள் பாடிப் பதிவானது எதுவும் பள்ளியை விட்டு வெளியே போகக் கூடாது. நான்கு பக்கத்தையும் படித்தவள் நான் ஒருத்திதான்.

அந்த அலமாரியில் அக்காவின் மகளும் இருந்தாள். இங்கேதான் படித்தாள். பதிமூன்று வயதில் காய்ச்சலில் போனாள். பயிற்சிக் கேசட் ஒன்றில் தனியாகப் பாடியிருந்தாள். இடது பக்கம் பதிப்பகத்தின் இசை, வலது பக்கம் அவள் குரல். வேறு பதிவு எங்கும் இல்லை. ஆறு வருடமாக அக்காவுக்கு அதைக் கேட்கும் தைரியம் வரவில்லை. அலமாரியைத் திறக்கும்போது அந்தக் கேசட்டின் முதுகை விரலால் ஒருமுறை தொடுவார், அவ்வளவுதான்.

போன வருடம், அக்காவின் மகன் இருக்கும் ஊரில் ஒரு பள்ளி அவரை வேலைக்குக் கூப்பிட்டது. மருமகளுக்கு அப்போது ஏழு மாதம்.

“போறேன்டி. பேரப்புள்ளையைத் தூக்க ஆள் வேணும்ல. நீயும் கல்யாணம் காட்சின்னு இந்தப் பொந்தை விட்டு வெளிய வா. அந்தக் கேசட்டை மட்டும் குடு. அங்க போய் நிம்மதியா உட்கார்ந்து கேட்கறேன்.”

நான் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

“என் பொண்ணு குரலுக்கு இவங்க எப்படிச் சொந்தக்காரங்க?”

“குரலுக்கு இல்லக்கா. இசைக்கு.”

“அதை மட்டும் கழட்டிட முடியாதா?”

“முடியாதுக்கா.”

அது பொய். இடது பக்கக் கம்பியை உருவினால் போதும்.

பதிப்பகத்துக்கு அனுமதி கேட்டு எழுதச் சொன்னார். எழுதினேன். பதினோராம் நாள் பதில் வந்தது. தாய் ஒரு நகலை எடுத்துச் செல்லலாம், எங்கள் ஆழ்ந்த அனுதாபம். கோப்பின் அடியில் நீங்கள் எடுத்த கடிதம் அதுதான். நான் அதைக் கிழிக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அக்காவிடம், மறுத்துவிட்டார்கள் என்றேன்.

ஒரு வாரம் அவர் சரியாகப் பேசவில்லை. பிறகு, “அவளை இங்க விட்டுட்டு நான் எங்க போறது” என்றார். அந்த வேலையை வேண்டாம் என்று எழுதிவிட்டார். பேரன் பிறந்ததை போனில் பார்த்தார். அவரைக் கஷ்டப்படுத்தும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை வேண்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அலமாரிக்கு இன்னொரு சாவி அக்காவிடம் இருந்தது. மனசு மாறினால் கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம். அதனால் பாட்டைக் கணினியில் ஏற்றிக் கடவுச்சொல் போட்டேன். பிறகு நாடாவை வெளியே இழுத்துக் கத்தரித்தேன். பூஞ்சை பிடித்து அறுந்தது, பாட்டு கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று பதிவேட்டில் எழுதினேன், அக்காவிடமும் சொன்னேன்.

நகலை முடிவுவரை கேட்காமல் மூலத்தைக் கைவிடக் கூடாது. என் வேலையில் முதல் பாடமே அதுதான். அன்று கத்தரித்த பிறகுதான் கேட்டேன். கம்பி பாதிதான் செருகியிருந்தது. இடது பக்கம் மட்டும் ஏறியிருந்தது. இசை முழுதாக இருந்தது. குரல் இல்லை.

குப்பைக்கூடையில் துண்டுகளைப் பார்த்தேன். ஒட்ட முடியாத அளவுக்கு ஒழுங்காக வெட்டியிருந்தேன்.

அந்த வாரம் பார்த்து அக்கா, “இந்த வெள்ளிக்கிழமை கேட்டுடலாமாடி?” என்றார்.

எனக்குப் பாட வராது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். யாரும் கேட்டதில்லை. பாட்டு தெரிந்ததுதான், வருடா வருடம் எல்லா வகுப்பும் பாடுவது. கதவைச் சாத்திக்கொண்டு அந்த இசையோடு பாடினேன். பிறகு கணினியில் குரலை மேலே ஏற்றினேன். பழைய நாடாவின் இரைச்சலைக் கொஞ்சம் கலந்தேன். பதிமூன்று வயதுக் குரல் என்பது சில எண்கள்தான்.

வெள்ளிக்கிழமை அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மேசை விளிம்பைப் பிடித்தபடி கேட்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்து, “என் தங்கமே” என்றார். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நான்காவது வாரம் அவர் முகம் சுருங்கியது.

“நடுவுல மூச்சு விடறாளே? அந்த வரியை அவ ஒரே மூச்சுல பாடுவாளே. நான்தானே பழக்கினேன்.”

அடுத்த வெள்ளிக்குள் அந்த மூச்சை எடுத்துவிட்டேன்.

“விடலையே,” என்றார். பிறகு சிரித்தார். “எனக்குத்தான் காது போயிடுச்சு எலிக்குட்டி. பாட்டு டீச்சருக்குக் காது போனா எப்படி இருக்கும் பாரு.”

அதற்குப் பிறகு அவர் தன் காதை நம்புவதில்லை. வகுப்பில் சுருதி சரியா என்று பிள்ளைகளிடம்தான் கேட்கிறார். வயசாகிவிட்டது என்று ஹெட்மாஸ்டர் நினைக்கிறார்.

கடிதம் கிடைத்ததை நீங்கள் அக்காவிடம் சொல்லிவிட்டீர்கள். வெளியே பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திங்கட்கிழமை மகனிடம் போகிறாராம். நகலை இப்போதே அவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கொடுக்கலாம் ஐயா. சட்டப்படி சிக்கல் எதுவும் இல்லை. இசைக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறது. குரலுக்கு உரியவள் நான். அம்மா எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு மறுப்பில்லை.