ஏத்தத்துல மட்டும்

வேணாம்மா, சோபாவெல்லாம் வேணாம். பேன்ட்டு முழுக்க கிரீஸு, கறை ஒட்டுச்சுன்னா உங்க மாமியார் என்னை உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. இப்படி வாசல்லயே நின்னுக்கறேன். வண்டி சர்வீஸ் முடிஞ்சிருச்சு, கேட்டுக்கு வெளிய நிக்குது. சாவி இந்தாங்க. உங்ககிட்டதான் குடுக்கணும்னு கொண்டு வந்தேன். ஐயோ, சாருக்கு போன் போடாதீங்கம்மா. அவர் ஆபீஸ்ல இருக்கற நேரம்னு தெரிஞ்சுதான் வந்தேன்.

இந்தப் பொட்டலமா? சொல்றேன். அதச் சொல்லத்தானே வந்திருக்கேன்.

போன வருஷம் நீங்க முதமுதல்ல கடைக்கு வந்தது ஞாபகம் இருக்கா? ஆக்ஸிலேட்டர் மிதிச்சா வண்டி உதறுதுண்ணேன்னு சொன்னீங்க. முழுசாக் கூட கேக்கல நான். பெரிய டாக்டர் மாதிரி பானெட்டத் தொறந்துட்டேன். பிளக்க மாத்துனேன். பத்து நாள்ல திரும்ப வந்தீங்க. பிளக்குக்குக் கரன்ட் குடுக்கற காயில மாத்துனேன். மறுபடியும் வந்தீங்க. நாலு சக்கரத்தையும் கழட்டி பேலன்ஸிங் பாத்தேன், இன்ஜினத் தாங்கற ரப்பரையும் பாத்தேன். ஒவ்வொரு வாட்டியும் நானே ஓட்டிப் பாப்பேன், தனியா, கடைக்குப் பின்னாடி ஒரு நேர் ரோடு இருக்கே, அதுல. சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்மா. என் மேல எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அப்புறம்தான் நீங்க ஒரு பேப்பர்ல எழுதியே கொண்டு வந்தீங்க. எந்த ரோடு, என்ன ஸ்பீடு, வண்டியில யார் யார் இருந்தாங்க, எல்லாம் வரிசையா. கடைசி வரி இன்னும் நினைவிருக்கு. ஏத்தத்துல மட்டும், ஆள் நிறைய இருந்தா மட்டும் உதறுது, கால எடுத்தா நின்னுடுது. அந்தப் பேப்பர வெச்சு நான் என்ன பண்ணேன்? ஆயில் அளவு பாக்கற குச்சியத் துடைச்சேன். நீங்க பாத்துக்கிட்டேதான் நின்னீங்க. இப்ப நெனச்சா கூசுதும்மா.

ஆமா, அதுக்கு அடுத்த வாட்டிதான் சாரும் கூட வந்தாரு. என்னப்பா, வண்டிக்கு என்னதான் வியாதின்னு கேட்டாரு. வண்டி நல்லாத்தான் சார் இருக்கு, கோளாறெல்லாம் மேடம் காலுலன்னு சொன்னேன். விளையாட்டுக்குச் சொன்னேன்னு இப்ப மழுப்ப மாட்டேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியல, தெரியலன்னு ஒத்துக்க வாய் வரல, அவ்வளவுதான். கடையே சிரிச்சுது. சார் கைய நீட்டுனாரு, நீங்க சாவிய அவர் கையில வெச்சீங்க. அன்னிக்கு விட்டவங்கதானே நீங்க, இன்னும் ஸ்டியரிங்கத் தொடல? பிள்ளைங்களையும் மாமியாரையும் கூட்டிக்கிட்டு பஸ்ஸுல அலையறீங்க. எல்லாம் தெரியும்மா எனக்கு.

இருங்க, நானே பிரிக்கறேன், உங்க கையில கறையாகும். இன்ஜின் சுத்தறத சக்கரத்துக்குக் கொண்டு போற கம்பி ஒண்ணு இருக்கு, அதோட மூட்டு இது. நம்ம கால் முட்டி மாதிரின்னு வெச்சுக்குங்க. உள்ள மூணு உருளை, மூணு பள்ளத்துல ஓடணும். இந்தப் பள்ளத்துல விரல வெச்சு இழுத்துப் பாருங்க. தட்டுதா? தேஞ்சு குழி விழுந்திருக்கு. ஒத்த ஆளா நேர் ரோட்டுல போனா தெரியவே தெரியாது. வீட்டு ஆளுங்க அத்தன பேரும் ஏறி, மேம்பாலத்துல மிதிச்சீங்கன்னா, பாரம் தாங்காம உருளை அந்தக் குழியில சிக்கிச் சிக்கி ஓடும். வண்டி இப்படியும் அப்படியும் உதறும். கால எடுத்தா உதறல் நின்னுடும். நீங்க எழுதிக் குடுத்தது அத்தனையும் அப்படியே சரி.

எந்த வண்டியோடதா? உங்க வண்டியோடதுதாம்மா.

இல்ல, இந்த சர்வீஸ்ல கழட்டினது இல்ல. சார் சாவிய வாங்கினதுக்கப்புறம் வந்த முத சர்வீஸ்லயே. பத்து மாசமாச்சு. இந்த மூட்டு மேல இருக்கற ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் ஒழுகுதேன்னு தொறந்தா, உள்ள இந்தக் குழி. உங்க கடைசி வரி அப்படியே கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. கடையில இருந்த நாலு பேர ஏத்திக்கிட்டு மேம்பாலத்துக்குப் போனேன். உதறுச்சு. திரும்பி வந்து புதுசு போட்டு, அதே நாலு பேர், அதே பாலம். கம்முனு ஏறிடுச்சு. சார் தனியாத்தான் ஆபீஸ் போயிட்டு வராரு, அவருக்கு முன்னாடியும் தெரியாது, பின்னாடியும் தெரியாது. ரப்பர் கிழிஞ்சிருந்துச்சு, மாத்திட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொன்னேன். இதத் தூக்கிப் போடவும் மனசு வரல. பெயின்ட் டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருந்தேன்.

நேத்து நீங்க மாமியாரோட பஸ் ஸ்டாப்புல நனைஞ்சுக்கிட்டு நின்னீங்க. சர்வீஸுக்கு வந்திருந்த உங்க வண்டியிலயே உங்களுக்கு லிஃப்ட் குடுத்தேன் நான். பாலத்துல ஏறறப்ப என் காலையே பாத்துக்கிட்டு வந்தீங்க. இப்ப உதறலயேண்ணேன்னு கேட்டீங்க. இல்லம்மான்னேன். அப்ப என் காலுதான் போலன்னு சொல்லிட்டு சிரிச்சீங்க பாருங்க. அதுலேர்ந்து சோறு எறங்கல எனக்கு.

சார் ஆறு மணிக்கு வந்துடுவாருல்ல? அவர் இல்லாத நேரமாப் பாத்து வந்தேனே, அதுவும் பயந்தாங்கொள்ளித்தனம்தான். இருந்து அவர்கிட்டயும் சொல்லிட்டே போறேன். அந்த நியூஸ் பேப்பரக் குடுங்க, விரிச்சு உக்காந்துக்கறேன்.

ஏன் அப்பவே சொல்லலன்னா கேக்கறீங்க? சொல்லத்தாம்மா இருந்தேன். நெஜமா. புதுசு மாட்டின அடுத்த வாரம் சார் கடைக்கு வந்தாரு. வாய எடுத்தேன். அதுக்குள்ள அவர் சொன்னாரு, பாத்தியாப்பா, நான் ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து வண்டி ஒரு தடவ கூட உதறலன்னு.

நான் ஆமா சார்னேன்.