நெற்றி வரைக்கும் ஒரு படம்

கமாலுதீன்: ...அதனாலதான் வேணாங்கிறேன் டீச்சர். திரும்பத் திரும்ப கரண்ட் குடுத்தா இன்னும் மோசமாயிடும். கேக்குதா அந்தச் சத்தம்?

தவமணி: கேக்குது. பல்லி மாதிரி.

கமாலுதீன்: உள்ளார ஒரு தட்டு சுத்துது. அதுக்கு மேல ஊசி மாதிரி ஒண்ணு, தட்டத் தொடாம ஓடணும். இந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி கீழ விழுந்துச்சுல்ல, அதுல ஊசி தட்டக் கீறிடுச்சு.

தவமணி: விழல தம்பி. நான்தான் தள்ளிவிட்டேன்.

கமாலுதீன்: வேணும்னே தள்ளினீங்களா?

தவமணி: அவரு அந்தியேட்டிக்கு வீட்டக் கழுவிக்கிட்டு இருந்தேன். காரியத்துக்கு சொந்தக்காரங்கல்லாம் வர்றாங்களேன்னு... மேசையத் தொடைக்கிறப்ப வயரு கையில மாட்டிக்கிச்சு. புருஷனுக்குக் காரியம் பண்ற அன்னைக்கு, புள்ளையையும் நானே...

கமாலுதீன்: டீச்சர். தே ஓ டீ ஆறுது. குடிங்க.

தவமணி: குடிக்க வரல. உள்ள இருந்த படத்த எடுக்க முடிஞ்சுதா, அத மட்டும் சொல்லுங்க.

கமாலுதீன்: பாயான் லெப்பாஸ் பேக்டரியில என் மச்சான் இருக்கான். அங்க தூசி இல்லாத ரூம்ல வச்சு தொறந்து பாத்தான். கொஞ்சம் வந்துச்சு.

தவமணி: வந்துச்சா? இத மொதல்ல சொல்லக்கூடாதா? எவ்வளவு நேரமா ஊசி, தட்டுன்னுட்டு...

கமாலுதீன்: கொஞ்சம்தான் டீச்சர். அண்ணே கோயில் கமிட்டிக்கு எழுதின கடுதாசி. தண்ணி பில்லு தப்புன்னு எழுதின கடுதாசி. அப்புறம் திரும்பவும் தண்ணி பில்லு...

தவமணி: அந்தப் பில்லு சண்டை சாகுற வரைக்கும் முடியல. அத விடுங்க. என் புள்ள சுலோசனா படம்?

கமாலுதீன்: ஒரே ஒரு படம். அதுவும் முழுசா இல்ல. பாக்காம இருந்தா நல்லதுன்னு தோணுது.

தவமணி: போடுங்க.

கமாலுதீன்: டீச்சர்...

தவமணி: போடுங்கன்னேன்ல.

கமாலுதீன்: சரி. மேலேருந்து மெதுவாத்தான் வரும்.

தவமணி: ...வானம். அது ஸ்கூல் கூரை. ஸ்போர்ட்ஸ் டே அன்னைக்கு எடுத்தது. அந்தக் கொடியெல்லாம் நான்தான் கட்டினேன். ...ரிப்பன். மஞ்ச ரிப்பன் போட்டுவிட்டேன், மஞ்ச வேணாம் பச்ச ஹவுஸ்ல இருக்கேன்னு அழுதா. ...நெத்தி. பொட்டு. ...ம். அப்புறம்?

கமாலுதீன்: அவ்வளவுதான் டீச்சர்.

தவமணி: இல்ல, இன்னும் வருது. கீழ சாம்பலா தெரியுதே.

கமாலுதீன்: அது நிறம் இல்ல. அங்க ஒண்ணும் இல்லன்னா கம்ப்யூட்டரு அப்படித்தான் காட்டும்.

தவமணி: கொஞ்சம் கீழ எறங்கினாக்கூட கண்ணு வந்துடுமே.

கமாலுதீன்: தெரியும் டீச்சர்.

தவமணி: கண்ணு மட்டும் போதும் எனக்கு. அது போதும்.

கமாலுதீன்: ...நான் மூடிடுறேன்.

தவமணி: மூடாதீங்க. இருக்கட்டும்.

கமாலுதீன்: ஆல்பம் ஒண்ணுமே மிஞ்சலையா?

தவமணி: போன வருஷம் வீட்டுக்குள்ள தண்ணி ஏறுச்சுல்ல. ஆல்பம், நெகட்டிவ் எல்லாம் ஒரே அலமாரி. கீழ் தட்டு. பக்கத்தப் புரட்டினா தோல் உரியிற மாதிரி உரிஞ்சு வருது. அப்பக்கூட நான் அழல. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்னு அவரு நெஞ்ச நிமித்திக்கிட்டு நின்னாரு. மனுசன் வாழ்க்கையில ஒரு நல்ல காரியம் பண்ணாருன்னு நெனச்சேன்.

கமாலுதீன்: கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி விட்டிருந்தாலாச்சும்...

தவமணி: இடம் பத்தலன்னு எல்லாத்தையும் இதுக்குள்ள மாத்திட்டாரு.

கமாலுதீன்: சாமி ரூம்ல பெருசா ஒண்ணு மாட்டியிருப்பீங்களே?

தவமணி: மாட்டல.

கமாலுதீன்: ஏன் டீச்சர்?

தவமணி: மாட்டினா மால போடணும். டிங்கி காய்ச்சல்ல காலையில பேசிக்கிட்டு இருந்த புள்ள, சாயந்திரம் இல்ல. அது படத்துக்கு மால போட எனக்கு மனசு வரல. சொந்தக்காரங்க என்னென்னவோ சொன்னாங்க, போடலன்னா போடலதான். மாட்டியிருந்தா செவத்துலயாச்சும் இருந்திருப்பா. தண்ணி அவ்வளவு ஒசரம் வரல.

கமாலுதீன்: சொந்தக்காரங்க வீட்டு ஆல்பத்துல?

தவமணி: ஈப்போவுல கேட்டேன். ஒரு கல்யாணப் படம் இருக்கு. இவ யாரோ ஒரு குண்டு மாமாவுக்குப் பின்னால நிக்கிறா. காது தெரியுது.

கமாலுதீன்: ...டீச்சர், நான் ஒண்ணு சொல்லணும். அண்ணே இந்தப் பெட்டிய எங்கிட்ட வாங்குறப்ப...

தவமணி: சிங்கப்பூருக்கு அனுப்புங்க.

கமாலுதீன்: என்ன?

தவமணி: அங்க பெரிய ஆளுங்க இருப்பாங்கள்ல. அனுப்புங்க.

கமாலுதீன்: கீறின தட்டு எங்க போனாலும் கீறினதுதான். படம் இருந்த இடமே சொரண்டிப் போச்சு டீச்சர், தூளாகிக் கெடக்கு. நான் உங்கள ஏமாத்த விரும்பல.

தவமணி: அப்ப என்ன வாங்கியிருக்கணும் சொல்லுங்க. கெடாதது எது?

கமாலுதீன்: கெடாததுன்னு ஒண்ணும் இல்ல லா.

தவமணி: கடைக்காரரு பேச்சு.

கமாலுதீன்: நெசமாத்தான். டேப் இருக்கு. பினாங்கு ஈரத்துக்கு பூசணம் பூத்துடும். சிடி இருக்கு. நல்ல சிடியா வாங்கி, எழுதினதும் ஒரு தடவ தொறந்து பாத்து, வெயில் படாம வச்சா ரொம்ப நாள் தாங்கும். ஆனா கீறல் விழும். இந்த மாதிரி பெட்டி வேகம், ஆனா விழக்கூடாது. எத வாங்கினாலும் ஒண்ணு மட்டும் வச்சிருந்தா, ஒண்ணுமே வச்சிருக்கலன்னு நெனச்சுக்கணும். ரெண்டா வைக்கணும். ரெண்டாவது வேற வீட்டுல இருக்கணும்.

தவமணி: வேற வீட்டுல என்னத்துக்கு? சொந்த வீடுன்னு ஒண்ணு இல்லையா?

கமாலுதீன்: இருக்கு டீச்சர். ஆனா தண்ணி ஏறுச்சுன்னா, நெருப்புப் புடிச்சதுன்னா, ரெண்டும் ஒண்ணாப் போயிடும்ல. இதத்தான் அண்ணே கிட்டயும்...

தவமணி: இன்னொரு தரம் அந்தப் படத்தப் போடுங்க.

கமாலுதீன்: அது அங்கதான் டீச்சர் இருக்கு. நீங்க மூட வேணாம்னீங்க.

தவமணி: ஆமால்ல.

கமாலுதீன்: நீங்க என்னப் பேச விட மாட்டேங்கிறீங்க.

தவமணி: பேசுறதுக்கு என்ன இருக்கு? நீங்க முயற்சி பண்ணீங்க, வரல. விதி. எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, நான் பஸ்ஸப் புடிக்கிறேன்.

கமாலுதீன்: காசு வேணாம். உக்காருங்க.

தவமணி: மழ வர்ற மாதிரி இருக்கு தம்பி.

கமாலுதீன்: உக்காருங்க டீச்சர். ராத்திரி தூக்கம் வரல எனக்கு. பள்ளிவாசல்ல தொழுதுட்டு வெளிய வந்து, இன்னைக்கு சொல்லியே ஆகணும்னு நெனச்சுட்டுத்தான் கடையத் தொறந்தேன். அண்ணே ரெண்டு பெட்டி வாங்கினாரு. ஒரே மாதிரி ரெண்டு. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு நான்தான் காப்பி எடுத்துக் குடுத்தேன். எல்லாப் படமும். பாப்பா பொறந்ததுலேருந்து கடைசி தீபாவளி வரைக்கும். அது விழல, கீறல, நல்லா ஓடுது. இப்பதான் அதப் பாத்தேன்... பாத்திருப்பேன், போன ஹரி ராயா பெருநாளுக்கு முன்னாடி.

தவமணி: எங்க?

கமாலுதீன்: ஆயர் ஈத்தாம்ல. ப்ளாட்டுல. அண்ணே கூட்டாளி ஒருத்தரு வீட்டுல.

தவமணி: கூட்டாளி.

கமாலுதீன்: ஆமா. நீங்க ஒண்ணும் அலைய வேணாம். நான் மோட்டார் சைக்கிள எடுத்துட்டுப் போயி, சிடியில எழுதிட்டு வந்துடுறேன். நாளைக்கு உங்க கையில. முகம் முழுசா இருக்கும் டீச்சர்.

தவமணி: வேணாம்.

கமாலுதீன்: எல்லாப் படமும் இருக்கு டீச்சர். கண்ணு, சிரிப்பு, எல்லாமே...

தவமணி: வேணாம் தம்பி.

கமாலுதீன்: இந்த அரைப் படத்துக்கு முன்னாடி உக்காந்துட்டு வேணாங்கிறீங்களே. கண்ணு மட்டும் போதும்னு நீங்கதான சொன்னீங்க?

தவமணி: சொன்னேன்.

கமாலுதீன்: அப்புறம் ஏன்?

தவமணி: கூட்டாளி பேரு என்ன?

கமாலுதீன்: அது... பேரு வந்து...

தவமணி: உங்களுக்குப் பொய் சொல்ல வரல. அவருக்கு நல்லா வந்துச்சு.

கமாலுதீன்: ...மன்னிச்சுக்குங்க டீச்சர். கூட்டாளி இல்ல. ஒரு அம்மா. அங்க ஒரு பையனும் இருக்கான், அண்ணே ஜாடை. கம்ப்யூட்டரு மாட்டிக் குடுக்க என்னக் கூட்டிட்டுப் போனாரு. வெளிய வந்ததும் படியில நின்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு, டீச்சருக்குத் தெரியக்கூடாதுன்னு. செத்தவருக்குக் குடுத்த சத்தியத்த இன்னைக்கு மீறிட்டேன். உங்க புள்ள முகம் அந்த வீட்டுல இருக்கே, அதுக்காக மீறினேன். நீங்க என்ன வேணும்னாலும் திட்டுங்க. ஆனா படத்த வேணாம்னு சொல்லாதீங்க.

தவமணி: உங்கள ஏன் திட்டணும்? அந்த வீடு எனக்குத் தெரியும் தம்பி, அந்தப் பையன் பொறந்ததுலேருந்து தெரியும். காரியம் முடிஞ்சதும் அவளே போன் பண்ணா. "சுலோ படமெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு, நீங்க வந்து எடுத்துக்குங்க அக்கா"ன்னா. என் புள்ளைய சுலோங்கிறா, என்னை அக்காங்கிறா. நான் ஒரு வார்த்த பேசல, போன வச்சிட்டேன். அதுக்கப்புறம்தான் இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு உங்க கடைக்கு வந்தேன்.