முட்டிவலிச் சூரணமும் ஜன்னலோரச் செடியும்

முட்டிவலி இல்லாத மனிதர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, ஐயா? நாற்பத்தைந்தைத் தாண்டினால் படிக்கட்டைப் பார்த்தாலே பயம் வந்துவிடும். எங்கள் சோதனைக்கூடம் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அதனால் அந்த வலியைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

என் வேலை எளிமையானது. மூலிகை மருந்துக் கம்பெனிகள் அனுப்பும் பொடியில், டப்பாவில் எழுதியிருக்கும் செடிதான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பொடித்த பிறகு எந்த இலையும் ஒரே பச்சைதான்; கண்ணையும் மூக்கையும் ஏமாற்றிவிடலாம். டிஎன்ஏவை ஏமாற்ற முடியாது. ஒரு சிட்டிகைப் பொடியை அரைத்து, உப்புநீரிலும் சாராயத்திலும் அலசி, குட்டிக் குழாயில் போட்டு மெஷினுக்குள் வைத்தால், அதிலிருக்கும் டிஎன்ஏ எழுத்துக்கள் வரிசையாக வந்துவிடும். எந்தச் செடியோடு பொருந்துகிறது என்று கம்ப்யூட்டர் சொல்லும்.

முதல் இரண்டு வருடம் ஒழுங்காகத்தான் பார்த்தேன். வயிற்றுப்புண் மருந்தில் வைக்கோல் இருந்தது. தலைமுடித் தைலப் பொடியில் வெங்காயத் தோல். ஞாபகசக்தி மருந்து ஒன்றில் புல், உமி, மரத்தூள் எல்லாம் இருந்தன. முக்கியமான செடியைப் போட மட்டும் மறந்துவிட்டார்கள்.

பிறகு என்னை முட்டிவலி மேஜைக்கு மாற்றினார்கள். முதல் வாரமே வந்தது என் மச்சானின் சூரணம். மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். டப்பாவில் அவருடைய படம் இருக்கும். முட்டியைப் போடவேண்டிய இடத்தில் முகத்தைப் போட்டிருந்தார். அதிலும் வீக்கம் இருந்ததால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

சோதித்தேன். சொன்ன இலை அதில் இல்லை. அதே போலத் தோற்றமளிக்கும் ஒரு கொடியின் இலை இருந்தது. மலிவு. சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். அன்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன்.

"மச்சான், இது அந்த இலை இல்ல."

"இலைதானே மாப்ள?"

"இலைதான். வேற இலை. கிட்னிக்கு ஆகாது."

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "டப்பாவுல கிட்னியப் பத்தி நான் ஒண்ணுமே போடலியே மாப்ள. முட்டிக்குத்தானே குடுக்கறோம்?"

என் மனைவி நான்கு நாள் என்னோடு பேசவில்லை. தட்டை மேஜையில் வைக்கும் சத்தத்திலேயே எல்லாம் புரிந்தது. ஐந்தாம் நாள் பேசினாள். "எங்கண்ணன் பொழைக்கறது உங்களுக்குப் பிடிக்கல, அவ்ளோதான?" என்று கேட்டுவிட்டு மறுபடி நிறுத்திக்கொண்டாள்.

நான் சண்டைக்காரன் இல்லை. மூலிகைத் தோட்டத்திலிருந்து அசல் செடியின் கிளை ஒன்று வாங்கி, ஆய்வறை ஜன்னலில் தொட்டியில் நட்டேன். துளிர்த்ததும் ஓர் இலையைக் காயவைத்துப் பொடித்து, மச்சானின் சூரணத்துக்கான எண் எழுதிய குழாயில் போட்டேன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு பொருந்தியது. அன்று சாயங்காலம் என் மனைவி தானாக வந்து, "தலைவலி பரவாயில்லையா?" என்று கேட்டாள். எனக்குத் தலைவலியே இல்லை. இருந்தாலும் பரவாயில்லை என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்கிறீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். உறவுக்காரருக்கு மட்டும் சலுகை காட்டினால் அதற்குப் பெயர் ஊழல். என்னால் அது முடியாது. அதனால் வந்த எல்லாக் கம்பெனிக்கும் அதே செடியின் இலையைப் போட்டேன். ஆறு வருடம், ஐம்பது கம்பெனி, யாருக்கும் பாரபட்சம் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறேன்.

அசல் இலை வாங்கிக்கொண்டிருந்த சில கம்பெனிகள், எதை அனுப்பினாலும் பாஸ் ஆகிறது என்று தெரிந்ததும், அதை வாங்குவதை விட்டுவிட்டன. இதை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை, எதிர்பார்த்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மாற்றலாகி வந்த அதிகாரி அம்மா ரொம்ப ஒழுங்கு. பழைய முடிவுகளையெல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டார்.

"சார், நானூத்திப் பன்னெண்டு சாம்பிள். எல்லாத்துலயும் ஒரே இடத்துல ஒரு எழுத்து மாறியிருக்கு. இந்தச் செடி வகையில வேற யாருமே இத பார்த்ததில்ல."

"சந்தோஷம் மேடம். தரம் ஒரே சீரா இருக்கு."

"ஒரே சீரா இல்ல சார். ஒரே செடியா இருக்கு."

பிறகு ஜன்னலைப் பார்த்தார். "அது ஏன் மொட்டையா நிக்குது?"

"இங்க காத்து அதிகம் மேடம்."

மிச்சமிருந்த இலைகளில் ஒன்றைக் கிள்ளிக்கொண்டு போனார். அந்த எழுத்து அதிலும் மாறித்தான் இருந்ததாம். கடைகளிலிருந்து டப்பாக்களை வாங்கி அவரே சோதித்தார். ஐம்பதில் முப்பத்தொன்றில் அந்தக் கொடி. ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்த பட்டியலில் கிட்னி கெட்டவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். படித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழைகள் நிறைய இருந்தன.

நீங்கள் கேட்கத் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன். எனக்கும் முட்டிவலி உண்டு. நான் என் செடியின் இலையைத்தான் கொதிக்கவைத்துக் குடித்தேன். நல்ல குணம் தெரிந்தது. என் மனைவிக்கும் வலி. அவள் அண்ணனின் சூரணத்தைக் காலையும் மாலையும் சாப்பிட்டாள். "நீங்களே பாத்து பாஸ் போட்டதாச்சே" என்பாள். என் இலையை அவளுக்கும் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் ஒரு செடியில் எத்தனை இலை இருக்கும்? ஆபீஸ் தேவைக்கே போதவில்லை.

மூன்றாம் வருடம் அவள் கால் வீங்கியது. பிறகு முகம். சூரணத்தை நிறுத்து என்று நான் சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள். ஏன் என்று சொன்னால் மறுபடி நான்கு நாள். இந்த வயதில் அதைத் தாங்க முடியாது. அளவைக் குறைக்கக்கூட நான் சொல்லவில்லை. ஒரு தடவை டப்பா தீர்ந்துபோனபோது, நானே போய்ப் புதிதாக வாங்கி வந்தேன்.

இப்போது வாரம் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். கூட்டிக்கொண்டு போவது நான்தான். முதல் நாள் டாக்டர், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுவீர்களா என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரர் சோதிச்சுப் பாத்த மருந்துதாங்க. அதுல ஒண்ணும் இருக்காது" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆக, தெரிந்தேதான் செய்தேன், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதை என் மனைவியிடம் படித்துக் காட்டாதீர்கள். அதிர்ச்சி அவளுக்கு ஆகாது. அவள் உடம்பு விஷயத்தில் நான் எப்போதுமே ரொம்ப ஜாக்கிரதை.