பென்சிலில் எழுதிய எட்டு

டோனட் நன்றாக இருக்கிறது, ஆபீசர். மேப்பிள் பூசியதுதான் எனக்குப் பிடிக்கும். அன்று பழைய வண்டிச் சந்தையில் கிளேட்டனும் எனக்கு இதைத்தான் வாங்கி வந்தான்.

அவன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வாழ்நாளில் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கியதில்லை. நான் பதினோரு வருடமாகக் கண் வைத்திருந்த 1966 மாடல் மோட்டார் சைக்கிளை, எனக்கு முன்னால் போய் ஒரு கொட்டகையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டான். அதைப் பழுதுபார்க்க எந்தப் புத்தகம் வாங்குவது என்று கேட்க என்னையே கூட்டிப் போனான் பாருங்கள். சிரிப்பு வருமா, வராதா?

கடை மேஜையில் அந்த மாடலுக்கான புத்தகங்கள் இரண்டு கிடந்தன. ஒன்று பளபளவென்ற புது அச்சு, மற்றது எண்ணெய்ப் பிசுக்கேறிய பழசு.

"டுவேன், புதுசுதான் தெளிவா இருக்குடா," என்றான்.

"வாத்தியாரே, சுத்தமான புத்தகத்தை வச்சு எவன் வண்டி ஓட்டியிருக்கான்? பிசுக்குக் கை பட்ட பக்கத்தை நம்பு. ஓரத்துல பென்சில்ல ஏதாவது இருந்தா, அச்சைவிட அதை நம்பு. பட்டவன் எழுதினது."

எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பில் எல்லோரும் அப்படித்தான். நான் பொய் சொல்லவில்லை.

அவன் டோனட் வாங்கப் போனான். கடைக்காரர் விலை எழுதும் பென்சில் மேஜையிலேயே கிடந்தது. எனக்கு உள்ளங்கையெல்லாம் குறுகுறுத்தது, பள்ளிக்கு மட்டம் போட்ட நாள் போல ஒரு குஷி. அந்தப் பழைய புத்தகத்தில், முன்சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் நட்டுகளை முறுக்கு விசை இருபத்தைந்து வரும்வரை முடுக்கச் சொல்லியிருந்தது. ஓரத்தில் எழுதினேன்: ‘25 தப்பு, போல்ட் அறுந்துவிடும். 8 போதும்.’ மேலே கட்டைவிரலால் கொஞ்சம் பிசுக்கு. அழகாக வந்திருந்தது.

கிளேட்டன் திரும்பி வந்து அதைப் பார்த்ததும் துள்ளினான். "அடேய், யாரோ புண்ணியவான் எனக்குன்னே எழுதி வச்சிருக்கான்டா!" உடனே படமெடுத்து மனைவி ஜோலீனுக்கு அனுப்பினான். இப்போது உங்கள் கையில் இருப்பது அந்தப் படம்தான்.

ஜூலையில் முதல் ஓட்டம். இரண்டாவது வளைவிலேயே சக்கரம் கழன்று சோளக்காட்டுக்குள் ஓடியது. கிளேட்டன் அந்த இடத்திலேயே போய்விட்டான். நான் தேம்பி அழுதேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

"உங்க மேலதான் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. நீங்களே வச்சுக்குங்க," என்று ஜோலீன் வண்டியை எனக்கே கொடுத்தாள், புத்தகத்தோடு. வண்டியின் இரும்புச் சட்டம் ஒரு துளிகூட வளையவில்லை, ஆபீசர். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நட்டுகளை இருபத்தைந்துக்கு முடுக்கினேன். அந்தப் பென்சில் வரியையும் சுத்தமாக அழித்துவிட்டேன். அதை நம்பி யாராவது விழுந்து தொலைத்தால்? எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.